இஸ்லாமிய நிதியில் ஆய்வுப் பணி: ஷரீஆவா, வங்கிக் கணக்கா, வீட்டுக் கணக்கா?

முதுகலை முடித்து, இஸ்லாமிய நிதியில் முனைவர் பட்டம் பெற்றுப் பல்கலைக்கழகப் பணிக்குப் போக நினைப்பவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, ஒப்பந்தங்களின் மார்க்கச் சட்டம். மதரஸாவில் ஃபிக்ஹுல் முஆமலாத் என்று ஓதப்படுவதன் நவீன நீட்சி இது. இரண்டாவது, இஸ்லாமிய வங்கிகளின் இலாபம், திறன், நிலைத்தன்மை ஆகியவற்றை எண்களைக் கொண்டு ஆராய்வது. மூன்றாவது, வாடிக்கையாளர் பக்கம்: கையெழுத்துப் போடுகிறவருக்கு ஒப்பந்தம் புரிகிறதா, புரிந்தால் அவர் முடிவு மாறுகிறதா என்று பார்ப்பது. சேர்க்கை அறிவிப்பில் மூன்றுக்கும் ‘இஸ்லாமிய நிதி’ என்ற ஒரே பெயர்தான் இருக்கும். கற்க வேண்டிய திறனும், தேட வேண்டிய தரவும், பட்டம் வாங்கிய பிறகு வேலை தரும் துறையும் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அரபு மூலநூல்களைத் தானே வாசிக்கக் கூடியவர் முதல் வழியில் போகலாம். அது இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு மூன்றாம் வழியே ஏற்றது. இரண்டாம் வழியில் இறங்க வேண்டுமானால், பிறரிடம் இல்லாத தரவு ஒன்று முன்கூட்டியே கைக்கு வந்திருக்க வேண்டும். ‘எனக்கு எந்தத் தலைப்பு பிடிக்கும்’ என்று யோசித்துத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் மூன்றாம் ஆண்டில் திணறுகிறார்கள். ‘எந்தத் தரவை நான் உண்மையிலேயே பெற முடியும், எந்தத் துறை என்னைப் பணியில் அமர்த்தும்’ என்று கேட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள் முடித்துவிடுகிறார்கள்.

ஷரீஆ வழி

ஹரகத் (உயிர்க்குறிகள்) இடப்படாத அரபு ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) நூலைத் துணையில்லாமல் வாசிக்க முடியாதவர் இந்த வழியில் எப்போதும் பிறருடைய மொழிபெயர்ப்பையே நம்பியிருப்பார். நேர்முகத் தேர்வில் அது முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நான்கு மத்ஹபுகளின் (சட்டப் பள்ளிகளின்) நிலைப்பாடுகளும், உஸூலுல் ஃபிக்ஹும் (சட்டம் வகுக்கும் அடிப்படை விதிகள்), அவற்றோடு இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குத் தரநிலை வகுக்க பஹ்ரைனில் 1991இல் நிறுவப்பட்ட ஆயோஃபி அமைப்பின் ஷரீஆ தரநிலைகளும் பழக்கமாகியிருக்க வேண்டும்.

நல்ல கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. தவர்ருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருக்குத் தேவை ரொக்கம். வங்கி ஓர் உலோகச் சரக்கை வாங்கித் தவணை விலைக்கு அவருக்கு விற்கிறது. பிறகு அவருடைய முகவராக அதே சரக்கை மூன்றாம் தரப்புக்கு உடனடி விலைக்கு விற்றுப் பணத்தை அவர் கணக்கில் போடுகிறது. வங்கியே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்யும் இந்த வகைத் தவர்ருக் கூடாது என்று இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹ் அகாதெமி 2009இல் ஷார்ஜாவில் கூடியபோது தீர்மானித்தது. ஆயோஃபியின் தரநிலையோ தவர்ருக்கைக் கடும் நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. நடைமுறையில் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் அது பரவலாக இருக்கிறது. தீர்மானத்துக்கும் நடைமுறைக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

இந்த வழியில் ஆய்வேடுகள் தோற்பது ஒரே மாதிரிதான். ரிபா (வட்டி), கரர் (ஒப்பந்தத்தில் மிதமிஞ்சிய நிச்சயமின்மை), மைஸிர் (சூதாட்டம்) ஆகியவற்றின் வரையறைகளுக்கு மூன்று இயல்கள் போகும். கடைசி இயலில் ‘இந்தச் சேவை நிபந்தனைகளுடன் ஆகுமானது’ என்று முடியும். ஒப்பந்தப் படிவத்தை ஆய்வாளர் பார்த்திருக்கவே மாட்டார். பார்க்க வழியில்லை என்பது பாதிதான் உண்மை. வங்கிகள் உள் ஆவணங்களைத் தருவதில்லை. ஆனால் சுகூக் (இஸ்லாமிய முதலீட்டுப் பத்திரம்) வெளியீட்டு ஆவணங்கள் பொதுவில் கிடைக்கின்றன, பல நாடுகளில் சேவை விளக்கத் தாள்களும் வங்கித் தளங்களிலேயே இருக்கின்றன. பதினைந்து இருபது படிவங்களைத் திரட்டி, தாமதத் தொகை யாருக்குப் போகிறது, பொருள் அழிந்தால் இழப்பு யாருடையது, முன்கூட்டி அடைத்தால் என்ன தள்ளுபடி என்று பிரிவு வாரியாக ஒப்பிட்டால் அதுவே புதிய அறிவு.

வேலை எங்கே? ஷரீஆ கல்விப் பீடங்கள், கோலாலம்பூரில் 2005இல் தொடங்கப்பட்ட இன்சீஃப் போன்ற சிறப்பு நிறுவனங்கள், வங்கிகளின் ஷரீஆ ஆலோசனைச் சபைகள். பொதுவான வணிகப் பள்ளிகளில் இந்தப் பயிற்சிக்கென்று பணியிடம் அரிது. சபை உறுப்பினர் பதவியை இன்னொரு காரணத்துக்காகவும் யோசித்து ஏற்க வேண்டும். சம்பளம் தரும் வங்கியின் சேவையைப் பற்றியே நீங்கள் கட்டுரை எழுதினால், அந்தத் தொடர்பைக் கட்டுரையில் அறிவிக்க வேண்டும். மறைத்தது வெளிவந்தால் அந்தக் கட்டுரையோடு உங்கள் மற்றக் கட்டுரைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

வங்கி எண்களின் வழி

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் இங்கே கூட்டம் அதிகம். இஸ்லாமிய வங்கியையும் வழமையான வங்கியையும் ஆண்டறிக்கை விகிதங்களால் ஒப்பிடும் கட்டுரைகள் ஏராளமாக வந்துவிட்டன. பெக், டெமிர்குச்-குன்ட், மெரூஷ் மூவரும் 2013இல் பல நாட்டு வங்கிகளை வைத்து வணிக முறை, திறன், நிலைத்தன்மை ஆகியவற்றை ஒப்பிட்டுவிட்டார்கள். ஆண்டுகளை நீட்டி, நாட்டை மாற்றி அதையே திரும்பச் செய்தால் நல்ல இதழ்கள் எடுப்பதில்லை.

சிக்கல் தரவின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு நாட்டில் முழுமையான இஸ்லாமிய வங்கிகள் சிலவே இருக்கும். வழமையான வங்கிகளின் இஸ்லாமியப் பிரிவுகள் தாய் வங்கியின் கணக்கில் கலந்துவிடும். எல்லாவற்றையும்விட, இந்த வங்கிகளைத் தேடி வருபவர்களே வேறுபட்டவர்கள் என்பதால், வித்தியாசம் ஒப்பந்தத்தால் வந்ததா வாடிக்கையாளரால் வந்ததா என்று ஆண்டறிக்கையை வைத்துப் பிரிக்க முடியாது.

பிரிக்க முடிந்த ஆய்வுகளுக்குப் பின்னால் கடன் வாரியான தரவு இருக்கும். பேலே, ஃபரூக், ஆங்கெனா 2014இல் பாகிஸ்தானின் கடன் பதிவேட்டைக் கொண்டு, இஸ்லாமியக் கடன்கள் தவறும் வீதம் வழமையான கடன்களினதில் பாதிக்கும் குறைவு என்று காட்டினார்கள். ஒரே கடனாளி இரு வகை வங்கியிலும் கடன் வாங்கியிருப்பதைப் பார்க்க அந்தப் பதிவேடு இடம் கொடுத்தது. மத்திய வங்கியில் பணியாற்றியவர், அல்லது அங்கே தரவு ஒப்பந்தம் உள்ள மேற்பார்வையாளரை அடைந்தவர், இந்த வழியை எடுக்கத் தயங்க வேண்டாம். சந்தாத் தரவுத்தளம் ஒன்றை மட்டும் நம்பி வருபவர் தயங்கத்தான் வேண்டும்.

வீட்டுக் கணக்கின் வழி

நுகர்வோர் நிதியறிவு என்ற துறைக்குத் தனக்கென அளவுகோல்கள், இதழ்கள், விவாதங்கள் உண்டு. லுசார்டி, மிச்சல் இருவரும் 2004இல் அமெரிக்க முதியோர் கணக்கெடுப்புக்காக எழுதிய மூன்று கேள்விகள் (கூட்டு வட்டி, பணவீக்கம், இடர் பரவல்) இன்று உலகெங்கும் கேட்கப்படுகின்றன. 2014இல் 140க்கும் மேற்பட்ட நாடுகளில் எடுத்த எஸ்&பி நிறுவனத்தின் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 33 சதவீதத்தினரே நிதியறிவு உள்ளவர்கள் என்றது. ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி) அமைப்பின் கருவித் தொகுப்பு அறிவு, நடத்தை, மனப்பாங்கு என மூன்றாகப் பிரித்து அளக்கிறது. அதன் ஏழு அறிவுக் கேள்விகளில் மூன்று வட்டியைப் பற்றியவை.

வட்டியை விலக்கி வாழும் ஒருவரிடம் ‘2 சதவீத வட்டிக்கு 100 போட்டால் ஐந்து ஆண்டில் என்ன ஆகும்’ என்று கேட்டால் அவர் ‘தெரியாது’ என்று சொல்லலாம், பதிலளிக்க மறுக்கலாம். கணக்குத் தெரியாததாலா, கேள்வியே பிடிக்காததாலா? மதிப்பெண் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பூஜ்யம் விழுகிறது. ஒரு சமூகமே நிதியறிவில் பின்தங்கியது என்ற முடிவு இப்படிப்பட்ட பூஜ்யங்களிலிருந்து எழக்கூடும். இதைச் சரிபார்ப்பது மிகப் பயனுள்ள வேலை; ஒரு முனைவர் பட்ட மாணவரின் கைக்கு அடங்குகிற வேலையும்கூட.

செய்முறை இது. ஒரே கேள்வியை இரண்டு வடிவில் எழுதுங்கள்: ஒன்று வட்டிக் கணக்கு, மற்றது இலாபப் பகிர்வுக் கணக்கு. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு மற்றது. இலாப வடிவத்தை எழுதுவதில் பலர் தவறுகிறார்கள். ‘வங்கி ஆண்டுக்கு 2 சதவீத இலாபம் தரும்’ என்று எழுதினால், முதாரபாவில் (ஒருவர் பணம் போட, மற்றவர் நிர்வகித்து, இலாபத்தைப் பகிரும் ஒப்பந்தம்) இலாபம் உறுதியில்லை என்று அறிந்தவர் கேள்வியே தவறென்று கருதுவார். அதிகம் அறிந்தவரே குறைந்த மதிப்பெண் பெறுவார். ‘ஐந்து ஆண்டுகளிலும் உண்மையில் 2 சதவீத இலாபம் கிடைத்தது, எதையும் எடுக்கவில்லை’ என்று இறந்த காலத்தில் எழுத வேண்டும். ‘தெரியாது’, ‘பதிலளிக்க விரும்பவில்லை’ இரண்டையும் தனித்தனி விடைகளாகக் கொடுங்கள். அவற்றைச் சேர்த்துவிட்டால் ஆய்வின் நோக்கமே போய்விடும்.

அடுத்தது, இஸ்லாமிய ஒப்பந்தங்களுக்கே உரிய கேள்விகள். சொற்களின் வரையறையைக் கேட்பது வீண். ‘முராபஹா என்றால் என்ன’ (வங்கி ஒரு பொருளை வாங்கி, தெரிவித்த இலாபத்தோடு தவணையில் விற்பது) என்பதற்குச் சரியாக விடை சொல்பவர் அதன் விலையைக் கணிக்கத் தெரியாமல் இருக்கலாம். கணக்கையே கேளுங்கள். ஒரு பொருளின் விலை 1,00,000. முராபஹாவில் தொடக்க விலையின்மேல் ஆண்டுக்கு 8 சதவீதம் நிலையான இலாபம், ஐந்து ஆண்டு: மொத்தம் 1,40,000, மாதத் தவணை சுமார் 2,333. இன்னொரு பக்கம், குறையும் நிலுவையில் (கட்டக் கட்டக் குறையும் மீதியின்மேல் மட்டும்) ஆண்டுக்கு 11 சதவீதம்: மாதத் தவணை சுமார் 2,174, மொத்தம் சுமார் 1,30,450. 8 என்ற எண் 11ஐவிடச் சிறியது, ஆனால் கொடுக்கும் தொகை ஏறக்குறைய 9,500 அதிகம். முதலாவதைக் குறையும் நிலுவை முறைக்கு மாற்றினால் ஆண்டுக்குச் சுமார் 14.1 சதவீதம் வரும். மார்க்கக் காரணத்துக்காக அந்த அதிகத்தை ஒருவர் தெரிந்தே ஏற்கலாம். அது அவர் உரிமை. தெரியாமல் ஏற்கிறாரா என்பதே ஆய்வுக் கேள்வி.

இதே முறையில் வேறு கேள்விகளும் அமையும். முதாரபா முதலீட்டுக் கணக்கில், நிர்வகிப்பவரின் கவனக்குறைவு இல்லாமல் நட்டம் வந்தால் யார் ஏற்பது? பணம் போட்டவர். முராபஹாவை முன்கூட்டி அடைத்தால் மீதி இலாபம் தானாகக் குறையுமா? விற்பனை விலை ஒப்பந்தத்திலேயே நிலைபெற்றுவிடுவதால் தானாகக் குறையாது. மலேசியாவில் மத்திய வங்கி தள்ளுபடியைக் கட்டாயமாக்கியிருக்கிறது, எல்லா நாட்டிலும் அப்படியில்லை. ஜகாத்தும் நல்ல கணக்குக் கேள்வி: சந்திர ஆண்டுக்கு 2.5 சதவீதம், சூரிய ஆண்டுக் கணக்கு வைத்திருப்பவருக்கு 2.577 சதவீதம்.

கேள்விகளை எழுதியதும் கருத்துக்கணிப்புக்கு ஓடிவிடக் கூடாது. ஃபிக்ஹ் அறிந்தவர், வங்கி அலுவலர், அளவீட்டு முறை தெரிந்தவர் கலந்த ஆறு முதல் பத்துப் பேர் ஒவ்வொரு கேள்வியையும் மதிப்பிட வேண்டும். பிறகு பதினைந்து இருபது பொதுமக்களிடம் கேள்வியைக் கொடுத்து, விடை எழுதும்போது என்ன நினைக்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கேள்வித்தாளின் பெரிய பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் அகப்படும். அதன் பிறகே 200, 300 பேரிடம் முன்னோட்டம். எல்லோரும் சரியாகச் சொல்லும் கேள்வியையும், யாரும் சொல்லாத கேள்வியையும் அப்போது நீக்குங்கள்.

இந்த வழியிலும் நெரிசலான ஒரு மூலை உண்டு. திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டை (எண்ணமே நடத்தைக்கு இட்டுச்செல்லும் என்னும் உளவியல் கோட்பாடு) எடுத்து, இணையப் படிவத்தில் 300 பேரிடம் ஐந்து படி அளவுகோலில் ‘இஸ்லாமிய வங்கியைப் பயன்படுத்த எண்ணுகிறேனா’ என்று கேட்டு, கட்டமைப்புச் சமன்பாட்டு மென்பொருளில் ஓட்டும் ஆய்வுகள் அவை. விரைவில் முடியும், கட்டுரை எண்ணிக்கையும் கூடும். ஆனால் காரணமும் விளைவும் ஒரே ஆளிடம், ஒரே படிவத்தில், ஒரே நிமிடத்தில் அளக்கப்படுவதால் தொடர்பு ஊதிப்பெருகித் தெரியும். எண்ணத்துக்கும் கணக்குத் திறப்பதற்கும் இடையிலான தூரம் அதில் தெரிவதேயில்லை. ‘எனக்கு நிதியறிவு உண்டு’ என்ற சுயமதிப்பீட்டைச் சோதனை மதிப்பெண்ணுக்குப் பதிலாகப் போடுவதும் அங்கே வழக்கம். இரண்டும் ஒன்றாக நகர்வதில்லை. அவற்றின் இடைவெளியே ஆராயத் தக்கது.

பயிற்சி கொடுத்தால் நடத்தை மாறுமா என்று சோதிக்க விரும்புகிறவர் பேனாவை எடுக்கும் முன் மாதிரி அளவைக் கணக்கிட வேண்டும். ஃபெர்னாண்டஸ், லின்ச், நெட்டமேயர் 2014இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து, நிதிக் கல்வி நிதி நடத்தையின் வேறுபாட்டில் 0.1 சதவீதத்தையே விளக்குகிறது என்றார்கள். கைசர் குழுவினர் 2022இல் குலுக்கல் முறைச் சோதனைகள் 76ஐத் தொகுத்தபோது படம் நம்பிக்கை தருவதாக மாறியது: அறிவில் சுமார் 0.2 திட்ட விலக்கம் (மதிப்பெண்களின் பரவலை அளக்கும் அலகு), நடத்தையில் சுமார் 0.1. அந்த 0.2ஐப் பிடிக்கவே (இல்லாத விளைவை இருப்பதாகக் காணும் வாய்ப்பு 5 சதவீதம், இருக்கும் விளைவைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம்) ஒரு பிரிவுக்கு 393 பேர் வேண்டும். 0.1ஐப் பிடிக்க ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 1,570 பேர். பயிற்சியை இருபது பேர் கொண்ட வகுப்புகளாகக் கொடுத்து, ஒரே வகுப்பினரின் விடைகள் ஒத்துப்போகும் அளவு 0.1 என்றால், தேவை 2.9 மடங்காகும், 393 என்பது 1,140 ஆகிவிடும். இடையில் விலகுகிறவர்களை இன்னும் சேர்க்கவில்லை. நடத்தை மாற்றத்தைப் பிடிக்கத் தேவையான மாதிரி தனியொரு மாணவரின் பணத்துக்கு எட்டாது. ஆகவே முனைவர் பட்டத்தில் அறிவை மட்டும் அளவிடும் சோதனையையோ, மேலே சொன்ன இருவடிவக் கேள்வித்தாளையோ வைத்துக்கொண்டு, நடத்தைச் சோதனையை நிதியுதவி பெற்ற குழுவோடு பட்டத்துக்குப் பின் செய்வது நடக்கக் கூடியது.

இன்னொன்று: ஒருவரின் மார்க்க நம்பிக்கையும் கடன் விவரமும் ஒரே கோப்பில் இருப்பது பல நாட்டுச் சட்டங்களில் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் தரவு. நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். கள வேலைக்கு நாள் குறிக்கும் முன் விண்ணப்பித்துவிடுங்கள்.

எங்கே சேர்வது

சிறப்பு நிறுவனமா, பொதுத் துறையா? இன்சீஃப், மலேசியப் பன்னாட்டு இஸ்லாமியப் பல்கலைக்கழகம், கத்தாரின் ஹமத் பின் கலீஃபா பல்கலைக்கழகம், ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழகத்திலுள்ள இஸ்லாமியப் பொருளியல் நிறுவனம் ஆகிய இடங்களில் ஷரீஆ அறிஞரும் நிதி ஆய்வாளரும் அடுத்தடுத்த அறைகளில் இருப்பார்கள். உங்கள் கேள்வி ஏன் முக்கியம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொதுப் பொருளியல் துறையில் அதை ஒவ்வொரு கருத்தரங்கிலும் விளக்க வேண்டியிருக்கும். ஆனால் அங்கே கிடைக்கும் முறையியல் பயிற்சியும், பட்டத்தின் பெயரும், வேலைச் சந்தையை அகலமாக்குகின்றன. ‘நிதியியல்’ என்று பட்டம் இருந்தால் இஸ்லாமிய நிதி கற்பிக்கவும் விண்ணப்பிக்கலாம். ‘இஸ்லாமிய நிதி’ என்று மட்டும் இருந்தால் பொது நிதியியல் இடத்துக்குத் தேர்வுக்குழு தயங்கலாம். இது நியாயமா என்பது வேறு கேள்வி. பிரிட்டனின் டர்ஹம் போல, பொதுப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இஸ்லாமிய நிதி மையம் இருக்கும் இடம் கிடைத்தால் இரண்டு நன்மையும் சேரும்.

இதழ்களிலும் இதே கணக்குதான். இஸ்லாமிய நிதிக்கான சிறப்பு இதழ்கள் வணிகப் பள்ளிகளின் தரவரிசைப் பட்டியல்களில் பெரும்பாலும் கீழ்ப்படிகளில் இருக்கின்றன. நுகர்வோர் ஆய்வு, வீட்டு நிதி, பொருளியல் உளவியல் சார்ந்த இதழ்கள் மேலே இருக்கின்றன. இருவடிவக் கேள்வித்தாள் போன்ற ஆய்வை அவை அளவீட்டுச் சிக்கலாகப் பார்த்து ஏற்கும். மூன்று கட்டுரைகள் கொண்ட ஆய்வேடாக அமைத்தால் ஒன்றைச் சிறப்பு இதழுக்கும் இரண்டைப் பொது இதழ்களுக்கும் அனுப்பலாம்.

மேற்பார்வையாளரைத் தேடும்போது புகழைவிட மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: அவரிடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், கள ஆய்வுக்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும், வங்கியிடம் பெற்ற தரவில் பாதகமான முடிவு வந்தால் வெளியிட ஒப்பந்தம் அனுமதிக்கிறதா. மூன்றாவதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வெளியீட்டைத் தடுக்கும் உரிமையை வங்கி தன்னிடம் வைத்திருந்தால், நான்கு ஆண்டு உழைப்பு ஒரு மேலாளரின் கையெழுத்துக்குக் காத்திருக்கும்.

ஆலிம் பட்டமும் நிதியியல் முதுகலையும் இரண்டும் உள்ளவருக்கு நான்காவது தேர்வு ஒன்று உண்டு: ஷரீஆ துறை ஒருவர், நுகர்வோர் ஆய்வுத் துறை ஒருவர் என இணை மேற்பார்வை. தவர்ருக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்குத் தான் ஒரு சரக்கை வாங்கி விற்றோம் என்பது தெரியுமா, தெரியாவிட்டால் அந்த விற்பனையின் மார்க்க நிலை என்ன என்ற கேள்விக்கு இரண்டு பயிற்சியும் வேண்டும். இருவரையும் முதல் பருவத்திலேயே ஒரே மேசையில் உட்காரவைத்து, எந்த இயலை யார் மதிப்பிடுவது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் வரையறை போதாது என்பார், மற்றவர் மாதிரி போதாது என்பார்; இறுதி வரைவில் அதைக் கேட்பதைவிட முன்மொழிவில் கேட்டுவிடுவது நல்லது.

விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் மீதமிருந்தால், அதற்குள் பத்துக் கேள்விகளை இரண்டு வடிவிலும் எழுதி, இருபது பேரிடம் வாய்விட்டு விடை சொல்லவைத்து, எந்தக் கேள்வி எதனால் உடைந்தது என்று இரண்டு பக்கத்தில் இணைத்து அனுப்புங்கள். ‘இத்துறையில் ஆர்வம் உண்டு’ என்ற கடிதங்களோடு வரும் விண்ணப்பங்களுக்கு நடுவே அந்த இரண்டு பக்கம் தனியாகத் தெரியும்.